பிளாக்குகளில் பண்புக்கூற்று உரையின் சீரமைப்பு

கணினிவழி வரைதல் மென்பொருள்களில், பலமுறை பயன்படக்கூடிய ஒரு வரைபொருளைப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் அமைப்பு பிளாக் எனப்படுகின்றது. பிளாக்கினுள் அமைந்து, அதனை இடும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மதிப்பைப் பெறக்கூடிய எழுத்துப் பகுதி பண்புக்கூறு ஆகும். வரைவாளர்களிடையே இது அட்ரிபியூட் என்றே பெரிதும் வழங்குகின்றது. இவ்வெழுத்து, பிளாக்கில் உள்ள வட்டம், கட்டம், கோடு முதலியவற்றைப் பொறுத்து எந்தப் புள்ளியில் நிலைகொள்கின்றது என்பதையும், மதிப்பு நீளும்போது அப்புள்ளியிலிருந்து எத்திசையில் வளர்கின்றது என்பதையும் தீர்மானிப்பதே பண்புக்கூற்று உரையின் சீரமைப்பு ஆகும்.

சாதாரண உரையின் சீரமைப்பை எழுதுபவர் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். பண்புக்கூற்றின் நிலை வேறு. பிளாக்கை உருவாக்குபவர், பின்னர் வேறொருவர் இடப்போகும் மதிப்பை அறியாத நிலையிலேயே எழுத்தின் இடத்தை முடிவு செய்கின்றார். எனவே இங்கு சீரமைப்பு என்பது, இனி வரக்கூடிய எல்லா மதிப்புகளுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கும் செயல் எனலாம். இக்கட்டுரை ஆட்டோகேட் மென்பொருளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

பின்னணி

கையால் வரையும் காலத்தில், கதவு எண், அச்சு எண், மட்டம் போன்றவற்றை வரைவாளர் மெல்லிய வழிகாட்டிக் கோடுகளுக்கிடையே நேரடியாகவோ, ஸ்டென்சில் தகடுகளின் உதவியுடனோ எழுதினார். எழுதவேண்டிய சொல்லின் நீளம் முன்னரே தெரியும் என்பதால், வட்டத்தினுள் ஓரெழுத்தையும் மூன்றெழுத்தையும் அதற்கேற்ப நெருக்கியோ தளர்த்தியோ அமைப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

ஒருமுறை வரைந்ததைப் பலமுறை பயன்படுத்தும் எண்ணம் கணினி வரைதலின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது. ஐவன் சதர்லாந்து, மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கி 1963 இல் வெளிப்படுத்திய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலில், ஒரு மூல வரைபடமும் அதன் பல நேர்வுகளும் என்னும் அமைப்பு இருந்தது. மூலத்தை மாற்றினால் நேர்வுகள் அனைத்தும் மாறின. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982 டிசம்பரில் வெளியிட்ட ஆட்டோகேட் மென்பொருளின் பிளாக்குகளும் இதே எண்ணத்தை ஒட்டியவையே.

ஆனால் ஒரு கட்டிடத்தில் உள்ள நூறு கதவுகளின் வடிவம் ஒன்றாக இருக்கலாம். அவற்றின் எண்கள் ஒன்றாக இருக்க முடியாது. பொதுவான வடிவத்துக்குள் தனித்தனி மதிப்புகளை வைத்திருக்கும் தேவையையே பண்புக்கூறுகள் நிறைவு செய்கின்றன. இம்மதிப்புகளைக் கோப்பிலிருந்து பிரித்தெடுத்துக் கதவுப் பட்டியல், பொருட்பட்டியல் முதலியவற்றையும் உருவாக்கலாம்.

பண்புக்கூற்றின் அமைப்பு

ஒரு பண்புக்கூறு மூன்று முக்கிய பகுதிகளைக் கொண்டது.

1. அடையாளப் பெயர்: பண்புக்கூற்றை இனங்காண உதவும் பெயர். இதில் இடைவெளி இருக்கலாகாது. பிளாக் உருவாக்கப்படும் முன்னர் திரையில் தெரிவது இதுவே.
2. கேட்குறிப்பு: பிளாக்கை இடும்போது பயனரிடம் மதிப்பைக் கேட்கும் தொடர்.
3. இயல்பு மதிப்பு: பயனர் எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு.

பண்புக்கூறு இரண்டு வடிவங்களில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். பிளாக்கின் மூலத்தில் இருப்பது பண்புக்கூற்று வரையறை. வரைபடத்தில் இடப்பட்ட ஒவ்வொரு பிளாக்குடனும் இணைந்திருப்பது பண்புக்கூற்று நேர்வு. பிளாக் இடப்படும் கணத்தில், வரையறையில் உள்ள இடம், உயரம், எழுத்துப் பாணி, சீரமைப்பு ஆகியவை நேர்விற்குப் படியெடுக்கப்படுகின்றன. அதன் பின்னர் நேர்வு தன் சொந்தத் தரவுகளையே கொண்டிருக்கும். பின்னர் விளக்கப்படும் பல சிக்கல்களுக்கு இப்படியெடுப்பே காரணம்.

மாறாத மதிப்புக் கொண்டதாக வரையறுக்கப்படும் பண்புக்கூறுகள் இதற்கு விதிவிலக்கு. அவை நேர்வுகளுக்குப் படியெடுக்கப்படாமல் மூலத்திலேயே இருப்பதால், மூலத்தை மாற்றினால் அவையும் உடனே மாறும்.

சீரமைப்புப் புள்ளி

எந்த ஓர் ஒற்றைவரி உரையும் வரைபடத்தில் ஒரு புள்ளியைப் பற்றிக்கொண்டே நிற்கின்றது. இப்புள்ளி சீரமைப்புப் புள்ளி எனப்படும். எழுத்தின் எண்ணிக்கை, அகலம், எழுத்துரு ஆகியவற்றுள் எது மாறினாலும் இப்புள்ளி நகர்வதில்லை. இதனைச் சுற்றியுள்ள எழுத்தே விரிகின்றது அல்லது சுருங்குகின்றது.

எடுத்துக்காட்டாக, 10 மிமீ விட்டமுள்ள அச்சு வட்டம் ஒன்றினுள் 3.5 மிமீ உயரத்தில் எண் எழுதப்படுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் இலக்கமும் ஏறத்தாழ 3 மிமீ அகலம் கொள்கின்றது எனவும் வைத்துக்கொள்ளலாம். "1" என்னும் ஓரிலக்கம் நடுவில் தோன்றும்படி, இடப்புறச் சீரமைப்புடன் வட்ட மையத்துக்கு 1.5 மிமீ இடப்பக்கத்தில் அது வைக்கப்பட்டால், பார்வைக்குச் சரியாகவே இருக்கும். அதே பிளாக்கில் "12" என இட்டால் எழுத்து மையத்திலிருந்து வலப்புறம் 4.5 மிமீ வரை சென்று வட்டக் கோட்டை நெருங்கும். "112" என இட்டால் 7.5 மிமீ வரை சென்று, வட்டத்துக்கு வெளியே 2.5 மிமீ நீட்டிக்கொண்டிருக்கும்.

அதே எழுத்து வட்ட மையத்தையே சீரமைப்புப் புள்ளியாகக் கொண்டு நடுமையச் சீரமைப்பில் அமைந்தால், மூன்று இலக்கங்களும் மையத்தின் இருபுறமும் 4.5 மிமீ வீதம் பரவி வட்டத்துக்குள் அடங்கும். இரண்டு முறைகளிலும் "1" என்னும் மதிப்புக்குத் தோற்றம் ஒன்றே. மதிப்பு மாறும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகின்றது.

சீரமைப்பு வகைகள்

ஆட்டோகேட் மென்பொருளில் ஒற்றைவரி உரைக்கும் பண்புக்கூறுகளுக்கும் 15 வகைச் சீரமைப்புகள் உள்ளன. இவற்றை மூன்று குழுக்களாகப் பிரிக்கலாம்.

அடிக்கோட்டை ஒட்டியவை: இடது, மையம், வலது ஆகிய மூன்றும் எழுத்துகள் அமரும் அடிக்கோட்டின் மீதுள்ள புள்ளியைப் பற்றுகின்றன. எதனையும் குறிப்பிடாதபோது இடதுச் சீரமைப்பே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. பிழைகள் பெரும்பாலும் இவ்வியல்புநிலையை மாற்றாமல் விடுவதாலேயே ஏற்படுகின்றன.

ஒன்பது புள்ளிகளை ஒட்டியவை: எழுத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் இருப்பதாகக் கொண்டால், அதன் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று மட்டங்களும், இடது, மையம், வலது ஆகிய மூன்று நிலைகளும் சேர்ந்து ஒன்பது புள்ளிகளைத் தரும். மேல் இடது, நடுமையம், கீழ் வலது என்பன போன்ற பெயர்கள் இவ்வாறு அமைந்தவையே.

சிறப்பு வகைகள்: மிடில், அலைன்ட், ஃபிட் என்பவை இக்குழுவைச் சேர்ந்தவை.

மிடில் என்பதும் நடுமையம் என்பதும் ஒன்றெனப் பலர் கருதுவதுண்டு. நடுமையம், ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் உயரத்தின் நடுப்பகுதியைக் கணக்கில் கொள்கின்றது. மிடில், அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்துறுப்புகளையும் சேர்த்து முழு எழுத்தின் நடுப்பகுதியைக் கணக்கில் கொள்கின்றது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஜி, பி, ஒய் போன்றவை அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குவன. இவ்வெழுத்துகள் வருவதையும் வராததையும் பொறுத்து, மிடில் சீரமைப்பில் ஒரே வரிசையில் உள்ள சொற்களின் அடிக்கோடுகள் ஏறியும் இறங்கியும் அமையக்கூடும். எண்களும் பெரிய எழுத்துகளும் வரும் குறியீடுகளுக்கு நடுமையமே ஏற்றது.

அலைன்ட், ஃபிட் ஆகிய இரண்டும் ஒரு புள்ளிக்குப் பதிலாக இரண்டு புள்ளிகளைப் பற்றி, அவற்றின் இடைவெளியை எழுத்தால் நிரப்புகின்றன. ஃபிட் வகையில் எழுத்தின் உயரம் மாறாது. அகலம் மட்டுமே மாறும். அலைன்ட் வகையில் உயரமும் அகலத்துக்கு ஏற்ப மாறும்.

60 மிமீ இடைவெளியில் 3.5 மிமீ உயர எழுத்தை இவ்வாறு அமைப்பதாகக் கொள்வோம். எழுத்தின் இயல்பான அகலம் 3 மிமீ எனின், 20 எழுத்துகள் கொண்ட தலைப்பு இயல்பாகப் பொருந்தும். 40 எழுத்துகள் வந்தால், ஃபிட் வகையில் ஒவ்வொன்றும் 1.5 மிமீ அகலத்துக்கு நெரிக்கப்படும். 5 எழுத்துகள் மட்டும் வந்தால் ஒவ்வொன்றும் 12 மிமீ அகலத்துக்கு இழுக்கப்படும். அலைன்ட் வகையில் 40 எழுத்துகளின் உயரம் 1.75 மிமீ ஆகக் குறையும். 5 எழுத்துகளின் உயரம் 14 மிமீ ஆகிக் கட்டத்தின் கோடுகளையும் மீறும். தொழில்நுட்ப ஆவணங்களின் எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ 3098 சீர்தரம் 1.8, 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மிமீ என்னும் உயர வரிசையை வகுத்துள்ளது. அலைன்ட் வகை இவ்வரிசைக்குக் கட்டுப்படாத உயரங்களைத் தருவதால், நீளம் மாறக்கூடிய பண்புக்கூறுகளுக்கு அது பொருந்துவதில்லை.

பயன்பாட்டுக்கு ஏற்ற தெரிவு

அச்சு வட்டம், கதவு மற்றும் சாளரக் குறியீடுகள்: மூடிய வடிவத்தினுள் அமையும் குறுகிய மதிப்புகளுக்கு நடுமையச் சீரமைப்புப் பொருத்தமானது. வடிவத்தின் மையமே சீரமைப்புப் புள்ளியாக இருத்தல் வேண்டும். அடிக்கோட்டை ஒட்டிய மையச் சீரமைப்பைத் தெரிந்தால், கிடைத்திசையில் எழுத்து நடுவில் இருந்தாலும் அதன் அடிப்பகுதி வட்ட மையத்தில் அமர்வதால் முழு எழுத்தும் மேற்பாதியில் தங்கிவிடும்.

மட்டக் குறியீடு: முக்கோணக் குறியின் வலப்பக்கத்தில் கிடைக்கோட்டின்மேல் எழுதப்படும் மட்ட மதிப்புக்கு இடதுச் சீரமைப்பு ஏற்றது. "+3.150" என்பது "+12.600" ஆகும்போது எழுத்து குறியை விட்டு விலகி வெற்றிடத்தை நோக்கி வளரும். குறியின் இடப்பக்கத்தில் மதிப்பு எழுதப்படுமாயின், அதே காரணத்தால் வலதுச் சீரமைப்பைத் தெரிய வேண்டும்.

எண்களைக் கொண்ட பட்டியல்: எண்ணிக்கை, நீளம், எடை போன்ற நிரல்களுக்கு வலதுச் சீரமைப்பே வழக்கம். எல்லா மதிப்புகளிலும் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களின் எண்ணிக்கை ஒன்றாகவும், எழுத்துருவில் இலக்கங்களின் அகலம் ஒன்றாகவும் இருந்தால் தசமப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமையும். அப்போது 125.50 உக்கும் 1255.00 உக்கும் உள்ள வேறுபாடு பார்த்தவுடன் புலப்படும்.

தலைப்புக்கட்டம்: டைட்டில் பிளாக் எனப்படும் இப்பகுதியின் தரவுப் புலங்களை ஐஎஸ்ஓ 7200 சீர்தரத்தின் 2004 ஆம் ஆண்டுப் பதிப்பு வரையறுக்கின்றது. இதன்படி தலைப்புக்கட்டத்தின் மொத்த அகலம் 180 மிமீ. இவ்வகலத்தினுள் உரிமையாளர், வரைபட எண், தலைப்பு, தேதி, தாள் எண் முதலிய பல புலங்கள் அடங்கவேண்டியிருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் சீரமைப்பைத் தனித்தனியே முடிவு செய்ய வேண்டும். பெயர், தலைப்பு ஆகியவற்றுக்கு நடு இடதும், தாள் எண் போன்றவற்றுக்கு நடுமையமும் பொருந்தும். நீண்ட தலைப்புகளுக்கு, அகலம் வரையறுக்கப்பட்டு வரி மடங்கும் பலவரிப் பண்புக்கூறு தகுந்தது. இவ்வசதி ஆட்டோகேட் 2008 பதிப்பில் அறிமுகமானது. எழுத்தை நெரிக்கும் ஃபிட் வகைக்கு இது நல்ல மாற்றாகும்.

சரியாக வரையறுக்கும் முறை

பண்புக்கூறை வரையறுக்கும்போது திரையில் தெரிவது அடையாளப் பெயரே; மதிப்பு அன்று. "கதவுஎண்" என்பது போன்ற நீண்ட அடையாளப் பெயரை வட்டத்தின் நடுவில் தோன்றுமாறு கண்மதிப்பில் நகர்த்தி வைத்தால், "டி1" என்னும் குறுகிய மதிப்பு வரும்போது அது நடுவில் இராது. எனவே எழுத்தின் தோற்றத்தை வைத்து அல்லாமல், சீரமைப்புப் புள்ளியை வைத்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும். கட்டம் ஒன்றின் நடுவில் பண்புக்கூறு அமைப்பதற்கான வழக்கமான படிகள் பின்வருமாறு.

1. கட்டத்தின் எதிரெதிர் மூலைகளை இணைத்து ஒரு மூலைவிட்டம் வரைதல். வட்டமாயின் இது தேவையில்லை. வட்ட மையமே போதும்.
2. பண்புக்கூறை வரையறுக்கும் "அட்டெஃப்" கட்டளையைத் தொடங்கி, அடையாளப் பெயர், கேட்குறிப்பு, இயல்பு மதிப்பு ஆகியவற்றை இடுதல்.
3. உரை அமைப்புகளில் நடுமையம் என்பதைத் தெரிதல். எழுத்துப் பாணியில் உயரம் நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தால் உயரத்தை இங்கே மாற்ற முடியாது.
4. மூலைவிட்டத்தின் நடுப்புள்ளியை அல்லது வட்ட மையத்தைப் பொருட்பற்று வசதியின் மூலம் துல்லியமாகத் தெரிதல்.
5. மூலைவிட்டத்தை அழித்துவிட்டு, வடிவத்தையும் பண்புக்கூறையும் சேர்த்து பிளாக் ஆக்குதல். மதிப்புகள் எந்த வரிசையில் கேட்கப்படவேண்டுமோ அந்த வரிசையில் பண்புக்கூறுகளைத் தெரிவது நல்லது.
6. மிகக் குறுகிய மதிப்பு ஒன்றையும் எதிர்பார்க்கக்கூடிய மிக நீண்ட மதிப்பு ஒன்றையும் இட்டுச் சோதித்தல்.

இறுதிப் படி எளிதாகத் தோன்றினும் முக்கியமானது. ஓரிலக்க மதிப்பால் மட்டும் சோதிக்கப்பட்ட பிளாக், எல்லாச் சீரமைப்பிலும் சரியாகவே தோன்றும்.

ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல பண்புக்கூறுகள் வேண்டுமாயின், முந்தைய பண்புக்கூற்றின் கீழ் அமைக்கும் தெரிவு அட்டெஃப் கட்டளையின் உரையாடல் பெட்டியிலேயே உள்ளது. இதனைப் பயன்படுத்தினால் பாணி, உயரம், சீரமைப்பு ஆகியவை முந்தையதிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படும். முதலாவதன் சீரமைப்புத் தவறாயின் மற்றவையும் அவ்வாறே அமையும்.

இடப்பட்ட பிளாக்குகளைத் திருத்துதல்

ஏற்கெனவே பல இடங்களில் இடப்பட்ட பிளாக் ஒன்றின் சீரமைப்பை மாற்றுவது, புதிதாக வரையறுப்பதைக் காட்டிலும் கவனம் வேண்டும் செயலாகும். பிளாக் எடிட்டரில் மூலத்தைத் திறந்து வட்டத்தைப் பெரிதாக்கினால், இடப்பட்ட எல்லா வட்டங்களும் பெரிதாகும். அதே மூலத்தில் பண்புக்கூற்றின் சீரமைப்பை மாற்றினால், புதிதாக இடப்படும் பிளாக்குகள் மட்டுமே மாற்றத்தைப் பெறும். பழைய நேர்வுகள் தமக்குப் படியெடுக்கப்பட்ட பழைய சீரமைப்பையே வைத்திருக்கும். ஒரே வரைபடத்தில் சில எண்கள் நடுவிலும் சில ஓரத்திலும் நிற்பதற்கு இதுவே பொதுவான காரணம்.

பழைய நேர்வுகளையும் மூலத்துடன் ஒத்திசைக்க "அட்சிங்க்" என்னும் கட்டளை பயன்படுகின்றது. பிளாக் பண்புக்கூறு மேலாளரைத் திறக்கும் "பேட்மேன்" கட்டளையிலும் ஒத்திசைவு வசதி உண்டு. ஒத்திசைக்கும்போது இடப்பட்ட மதிப்புகள் மாறுவதில்லை; இடம், சீரமைப்பு, உயரம் போன்றவையே மாறுகின்றன. எனினும் இரண்டு விளைவுகளை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவதாக, தனித்தனி நேர்வுகளில் கையால் செய்யப்பட்ட திருத்தங்கள் நீங்கிவிடும். நெரிசலான ஓரிடத்தில் எழுத்து ஒரு கோட்டின்மேல் விழாதிருக்க யாரோ நகர்த்தி வைத்திருந்தால், ஒத்திசைவு அதனைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். இரண்டாவதாக, மூலத்திலிருந்து நீக்கப்பட்ட பண்புக்கூறுகள் நேர்வுகளிலிருந்தும் அவற்றின் மதிப்புகளுடன் நீக்கப்படும். ஆகவே கோப்பின் படி ஒன்றை எடுத்து வைத்த பின்னரே ஒத்திசைவைச் செய்வது நல்ல வழக்கமாகும்.

சீரமைப்பை மாற்றும்போது எழுத்து நகரவேண்டுமா, நிற்கவேண்டுமா என்பதும் கருதத்தக்கது. "ஜஸ்டிஃபைடெக்ஸ்ட்" என்னும் கட்டளை, எழுத்தை இருந்த இடத்திலேயே வைத்துச் சீரமைப்புப் புள்ளியை மட்டும் மாற்றுகின்றது. எழுத்து இப்போது சரியான இடத்தில் உள்ளது, இனி வளரும் திசை மட்டுமே மாறவேண்டும் என்னும்போது இது பயன்படும். மூலத்தில் நீண்ட அடையாளப் பெயர் காட்டப்படும்போது இக்கட்டளையைப் பயன்படுத்தினால், புதிய புள்ளி அடையாளப் பெயரின் நடுவில் அமையுமேயன்றி வட்டத்தின் நடுவில் அமையாது. அத்தகைய நிலையில், மாற்றிய பின்னர் பண்புக்கூறை வட்ட மையத்துக்கு நகர்த்தவும் வேண்டும்.

சுழற்சியும் பிரதிபலிப்பும்

பிளாக்கைச் சுழற்றும்போது பண்புக்கூறும் உடன் சுழல்கின்றது. கதவு பிளாக் ஒன்று 180 பாகை சுழற்றப்பட்டால் அதன் எண் தலைகீழாகும். அந்நேர்வின் எழுத்துச் சுழற்சியை மட்டும் பண்புக்கூறு திருத்தியில் 0 பாகைக்கு மாற்றி இதனைச் சரிசெய்யலாம். எழுத்து அப்போது தன் சீரமைப்புப் புள்ளியைச் சுற்றியே திரும்பும். புள்ளி நடுமையமாயின் எழுத்து வட்டத்துக்குள்ளேயே நேராக நிற்கும். இடதுச் சீரமைப்பாயின் எழுத்து புள்ளியின் மறுபக்கத்துக்குச் சென்று வட்டத்தை விட்டு விலகும். சுழற்றப்படக்கூடிய பிளாக்குகளில் நடுமையம் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கண்ணாடிப் பிரதிபலிப்பில் எழுத்து எவ்வாறு தோன்றும் என்பதை "மிர்டெக்ஸ்ட்" என்னும் மாறி தீர்மானிக்கின்றது. இதன் மதிப்பு 0 எனின், மாறும் மதிப்புள்ள பண்புக்கூறுகள் வாசிக்கக்கூடிய திசையிலேயே இருக்கும். 1 எனின் அவையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பும். ஆனால் பிளாக்கினுள் உள்ள சாதாரண உரையும், மாறாத மதிப்புடைய பண்புக்கூறுகளும் இம்மாறியின் மதிப்பு எதுவாயினும் திரும்பியே தோன்றும்.

பிளாக்கின் வடிவத்தை இழுத்தும் திருப்பியும் மாற்றக்கூடிய இயங்கு பிளாக்குகள் ஆட்டோகேட் 2006 பதிப்பில் வந்தன. இவற்றில் ஒரு பண்புக்கூறு வடிவத்துடன் சேர்ந்து நகரவேண்டுமாயின், அதன் இடம் பூட்டப்பட்டதாக வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பூட்டப்படாத பண்புக்கூறைப் பயனர் நேர்வில் தனியே இழுத்து நகர்த்த முடியும்.

எழுத்துருவின் தாக்கம்

வரைபடக் கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் செல்லும்போது, அதில் பயன்படுத்தப்பட்ட எழுத்துரு அங்கே இல்லாமற் போகலாம். அப்போது மென்பொருள் வேறோர் எழுத்துருவை மாற்றாகப் பயன்படுத்தும். உயரம் ஒன்றாக இருந்தாலும் எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால் சொல்லின் மொத்த நீளம் மாறிவிடும். 50 மிமீ நீளமான தலைப்பு புதிய எழுத்துருவில் 56 மிமீ ஆனால், இடதுச் சீரமைப்பில் 6 மிமீ முழுவதும் வலப்பக்கத்தில் சேரும். நடுமையச் சீரமைப்பில் இருபுறமும் 3 மிமீ வீதம் பகிரப்படும். சீரமைப்பால் எழுத்துருச் சிக்கல் நீங்குவதில்லை; அதன் பாதிப்பு எப்பக்கத்தில் விழவேண்டும் என்பதை மட்டும் அதனால் முடிவு செய்யலாம். கட்டத்தினுள் போதிய வெற்றிடம் விடுவதே உறுதியான தீர்வாகும்.

கோப்பில் பதியப்படும் முறை

ஆட்டோகேட்டின் பரிமாற்றக் கோப்பு வடிவமான டிஎக்ஸ்எஃப் வடிவத்தில், பண்புக்கூற்றின் சீரமைப்பு இரண்டு எண்களால் குறிக்கப்படுகின்றது. 72 ஆம் குறியெண்ணின் கீழ்க் கிடைநிலைச் சீரமைப்புப் பதியப்படும். இதில் 0 இடது, 1 மையம், 2 வலது, 3 அலைன்ட், 4 மிடில், 5 ஃபிட் ஆகும். 74 ஆம் குறியெண்ணின் கீழ் நிலைக்குத்துச் சீரமைப்புப் பதியப்படும். இதில் 0 அடிக்கோடு, 1 கீழ், 2 நடு, 3 மேல் ஆகும். நடுமையம் என்பது 72 இல் 1 ஆகவும் 74 இல் 2 ஆகவும் அமையும். சாதாரண ஒற்றைவரி உரைக்கு நிலைக்குத்துச் சீரமைப்பு 73 ஆம் குறியெண்ணில் பதியப்படுவதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இடத்தைக் குறிக்க 10, 11 ஆகிய குறியெண்களின் கீழ் இரண்டு புள்ளிகள் உள்ளன. சீரமைப்பு இடதும் அடிக்கோடுமாக இருக்கும்போது 10 ஆம் புள்ளியே எழுத்தின் இடத்தைத் தீர்மானிக்கும். ஒற்றைப் புள்ளியைப் பற்றும் மற்றைய சீரமைப்புகளில் 11 ஆம் புள்ளியே மெய்யான சீரமைப்புப் புள்ளி. 10 ஆம் புள்ளியை மென்பொருள் அதிலிருந்து கணித்துக்கொள்ளும். நிரல் எழுதிப் பண்புக்கூறுகளை நகர்த்த முயல்வோர், நடுமையச் சீரமைப்புள்ள எழுத்தின் 10 ஆம் புள்ளியை மாற்றிவிட்டு எழுத்து நகரவில்லையே எனத் திகைப்பது இதனாலேயே.

பிற மென்பொருள்கள்

இத்தேவை ஆட்டோகேட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிக்ஸ்கேட், டிராஃப்ட்சைட், இசட்டபிள்யூகேட் போன்ற, டிடபிள்யூஜி கோப்பு வடிவத்தைக் கையாளும் மென்பொருள்களிலும் பிளாக், பண்புக்கூறு ஆகியவை உள்ளன. மைக்ரோஸ்டேஷன் மென்பொருளில் பிளாக்குக்கு ஒப்பானது செல் எனப்படுகின்றது. ரெவிட் மென்பொருளில் டேக் எனப்படும் குறியினுள் அமையும் லேபிள், கட்டிடக் கூறின் தரவைத் தானே எடுத்துக் காட்டுகின்றது. அங்கு மதிப்பு கூறின் தரவிலிருந்தே வருகின்றது எனினும், லேபிளுக்குக் கிடைநிலைச் சீரமைப்பும் நிலைக்குத்துச் சீரமைப்பும் உண்டு. மதிப்பு எங்கிருந்து வந்தாலும், அதன் நீளம் முன்கூட்டித் தெரியாத வரையில் சீரமைப்பைத் தீர்மானிக்கும் தேவையும் தொடர்கின்றது.

முக்கியத்துவம்

சீரமைப்பு அழகு தொடர்பானது மட்டும் என்று கருதுவது சரியன்று. வரைபடத்தைப் பணித்தளத்தில் வாசிப்பவர், அதனை உருவாக்கியவரிடம் உடனே விளக்கம் கேட்கும் நிலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. வட்டக் கோட்டின்மேல் விழுந்த "1" என்னும் இலக்கம் கோட்டுடன் கலந்து மறைந்தால், "12" என்னும் கதவு எண் "2" என வாசிக்கப்படலாம். அவ்வாறு வாசித்தவர் பட்டியலில் இரண்டாம் கதவின் அளவையே தேடி எடுப்பார். தாள்களின் பகுதிக் குறியீடுகளில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும் என ஐஎஸ்ஓ 5457 சீர்தரம் கூறுவதும், அவை 1, 0 ஆகிய இலக்கங்களுடன் மயங்கக்கூடும் என்பதாலேயே. குறியீடுகளைத் தெரிவதில் காட்டப்படும் இத்தகைய கவனம், அவை நிற்கும் இடத்தைத் தெரிவதிலும் வேண்டும்.

ஒரு நல்ல பிளாக், அதனை உருவாக்கியவர் அறியாத பலரால் பல ஆண்டுகளுக்குப் பயன்படுத்தப்படுகின்றது. அவர்கள் அதில் எந்த மதிப்பை இட்டாலும், அது கோடுகளில் மோதாமல் தன் இடத்தில் நின்று தெளிவாக வாசிக்கப்படுமாயின், அதன் பண்புக்கூறுகள் சரியாகச் சீரமைக்கப்பட்டுள்ளன எனலாம்.